கடல் எந்தக் கைப் பக்கம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். சிலர் மல்லிகை வாசத்தோடு நினைவுக்கு வருவார்கள், சிலர் சாம்பிராணியோடு வருவார்கள். நீங்கள் மண்ணெண்ணெயோடு வருகிறீர்கள். நான் என்ன செய்ய.

கல்யாணச் சாரிச் சட்டை ஒன்றுக்கு ஆரிப் பூத்தையல் வேலை வந்திருக்கிறது. பொத்தல் போட்ட தாளைத் துணிமேல் விரித்து, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால், பூவும் கொடியும் மயிலும் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். அதற்குப் பிறகுதான் ஊசிக்கு வேலை. தேய்க்கத் தொடங்கியதும் பக்கத்துக் கடை முஸ்லிம் நானா எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கரண்ட் போகப் போகுதா? தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மயிலாப்பூரில் அந்த மாடி வகுப்பு, மரச்சட்டத்துக்கு முன்னால் குனிந்திருந்த பெண்கள், எல்லாருக்கும் பின்னால் ஒரு ஓரத்தில் நூலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நீங்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் என்று உங்களுக்குத் தெரியும். பிழை கண்டால் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள். அங்கே பேனா கொடுக்கிறார்களோ என்னவோ.

முதலில் எனக்கு உங்களை அளவாகத்தான் தெரியும். தோள் இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து அதிகம் இறங்கக்கூடாது. கொழும்பில், வெள்ளவத்தையில் என் தையல் கடைக்கு ஒரே த்ரீவீல் ஆட்டோவில் வருவீர்கள், அதே த்ரீவீலில் போவீர்கள். உங்கள் ப்ளாட்டுக்கும் என் கடைக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைதான். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து நெரிசல் பஸ்ஸில் தொங்கி வருகிறவள். உங்களைப் பார்த்து, "என்னக்கா, காலை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். யோசித்தீர்கள். "நான் தனிய நடந்ததே இல்லை, தெரியுமோ" என்றீர்கள்.

பிறகுதான் கதை கதையாக வந்தது. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக் கொண்டுபோனார். வேலைக்கு ஒபிஸ் வான். பிறகு வீட்டுக்காரர். அவரும் போன பிறகு த்ரீவீல். அந்த நாள் கொழும்பில் நம் ஆட்கள் ஐசி அடையாள அட்டையைக் கையோடு வைத்துக்கொண்டு, போன வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வருவதுதான் பழக்கம். காரணம் இல்லாமல் வீதியில் நின்றால் யாராவது வந்து காரணம் கேட்பார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் கால்களுக்கு மட்டும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

நான் மூன்று மாதம் ஆரி படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, அளவு நாடாவைத் தோளில் போட்டபடி நின்ற நீங்கள், "நானும் வாறன்" என்றீர்கள்.

"நீங்க ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுறவங்க. ஆரி படிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"நடக்கப் போறன்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் மகனின் கதையைச் சொன்னீர்கள். டொரோண்டோவுக்கு ஒரேயடியாக வந்துவிடுங்கள் என்று மகன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கும் மகனோடு இருக்க ஆசை. ஆனால் அங்கே போன உங்கள் மச்சாள் ஒருத்தர், சனிக்கிழமை கோயிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடைக்கு, மற்ற நாள் முழுக்க ஜன்னலுக்கு என்று வாழ்கிறாராம். "அங்க போனா நான் ஒரு பொதி. தூக்கி வைச்ச இடத்தில இருக்கோணும். மகன் நல்லவன்தான், நல்ல இடமாப் பாத்துத்தான் வைப்பான். எண்டாலும் பொதிதானே?" என்றீர்கள். அதனால் ஒரு சோதனை. தெரியாத ஒரு பெரிய ஊரை உங்கள் காலால் நடந்து பார்க்க முடிந்தால் மகனுக்கு ஓம். முடியாவிட்டால் வெள்ளவத்தை ப்ளாட்டும் அதே த்ரீவீலும்தான். ஆரி வகுப்பு ஊர் வாய்க்கு ஒரு மூடி. அறுபது வயது விதவை மனுஷி சென்னைக்குப் போய்த் திரிகிறாள் என்றால் கதைப்பார்கள். படிக்கப் போகிறாள் என்றால் வாழ்த்துவார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு என்று நான் பெருமையாகக் கிளம்பினேன். விமானத்தில் பெல்ட்டைக் கட்டப் பழகுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு நடை. சட்டங்களை நீங்களே போட்டீர்கள். ஆட்டோ பிடிக்கப்படாது. போனில் மேப் பார்க்கப்படாது. வழி தப்பினால் யாரையும் கேட்கலாம், ஆனால் யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகப்படாது. சாரிக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. நான் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். "பாலர் வகுப்புக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றேன். "முதல் நாள்தானே, அப்பிடித்தான் இருக்கும்" என்றீர்கள்.

உங்களோடு நடப்பது லேசான வேலையா? ஒரு கடையைத் தாண்ட அரை மணித்தியாலம். குக்கருக்கு மூடி மட்டும் விற்கிற கடையின் முன்னால் நின்று, குக்கர் எங்கே விற்கிறது என்று விசாரித்தீர்கள். தெருவில் வண்டியை நிறுத்திக் கரிப்பெட்டியால் உடுப்பு அழுத்துகிறவரிடம், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். பூக்காரி முழம் போடும்போது, கை நீளமான பூக்காரியிடம் வாங்கினால் லாபமா என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தீர்கள். பஸ்ஸுக்குள் கண்டக்டர் சீட்டை விட்டு எழும்பாமலே இருக்க, காசு ஆளுக்கு ஆள் கைமாறிப் போய், டிக்கெட் அதே வழியால் திரும்பி வருவதை வெளியில் நின்று பார்த்தீர்கள். நம் ஊர் கண்டக்டர் வாசலில் ஒற்றைக் காலில் தொங்குகிறவர் இல்லையா. "இஞ்ச சனம்தான் கண்டக்டர்" என்றீர்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பிடித்தது பொலிஸ்காரர். வழி தெரிந்தாலும் போய்க் கேட்பீர்கள். முதல் தடவை கேட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறது. "யூனிபோம் போட்ட ஆள் என்னோட தமிழில கதைக்கிறார், பாரும். ஐசி கேக்கவும் இல்லை." கொழும்பில் வாசலுக்கு வெளியே வந்தால் சிங்களத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொள்கிற நமக்குத்தான் அந்த ருசி தெரியும். மயிலாப்பூர் பொலிஸ்காரருக்குத் தெரியாது பாவம். ஒரே அம்மா ஒரே கோயிலுக்கு ஏன் நாலு தரம் வழி கேட்கிறார் என்று குழம்பியிருப்பார்.

வகுப்பில் உங்கள் நிலைமையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், இறந்தவரைப் பழிக்கக்கூடாது. மாஸ்டர் உங்கள் சங்கிலித் தையலைத் தூக்கிப் பார்த்து, "மேடம், இது கொடியா, புழுவா?" என்று கேட்டார். "புழு கொடியில ஏறுது" என்றீர்கள். அவர் அடுத்த மரச்சட்டத்துக்குப் போய்விட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனோமே. கலங்கரை விளக்கத்துக்குக் கிட்ட மணலில் இடம் பிடித்து, கடலைப் பார்த்து வசதியாக உட்கார்ந்தோம். வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்து பொழுது படுவதைப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம் என்று. வானம் மங்கியது. சூரியனைக் காணவில்லை. மேகமாக இருக்கும் என்றேன். சுண்டல் விற்கிற அம்மா ஒருத்தர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்காவது காத்திருக்கீங்களாம்மா?"

"சூரியன் கடலில விழுறதைப் பாக்க இருக்கிறம்" என்றீர்கள், ஒபிஸில் பதில் சொல்கிற மாதிரி.

அவர் எங்கள் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார். "அது அப்பவே பில்டிங்குக்குப் பின்னாடி போயிடுச்சே. கடல்ல வேணும்னா விடியக்காலம் வாங்க, எழும்பும். எந்த ஊரு நீங்க?"

"கொழும்பு."

"அங்க கடல்லயா விழுது?" அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டார். "சத்தம் கேக்குமா?"

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "இல்லை. சத்தமில்லாமல்தான் போகும்" என்றீர்கள். அந்த அம்மாவுக்கு அது போதவில்லை போல. பிறகும் கனக்க நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைக்கு விளங்கினது காலுக்கு விளங்காது என்பதை இரண்டாம் மாதம்தான் கண்டோம். எனக்கு வகுப்பில் ஒரு சட்டை முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் தனியாகத் திருவல்லிக்கேணிக்குப் போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு, கடற்கரை வழியால் திரும்புவதாகச் சொன்னீர்கள். அதுதான் பெரிய சோதனை என்றீர்கள். தனியாகப் போய்த் தனியாக வந்தால் பாஸ்.

கொழும்பு ஆட்களுக்குத் திசை நாலு இல்லை, இரண்டுதான். கடல் பக்கம், தரைப் பக்கம். காலி ஊர்வரை போகிற காலி வீதியில் எந்தக் கடைக்கு வழி கேட்டாலும் முதல் பதில் அதுதான். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீட்டுக்கு வருவதென்றால் கடல் எப்போதும் வலது கைப் பக்கம். அதை யாரும் யோசிப்பதில்லை, கால் தானாகச் செய்யும். உங்கள் காலும் செய்தது. திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரைக்கு வந்து, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று நிம்மதியாக நடக்கத் தொடங்கிவிட்டீர்கள். மயிலாப்பூர் முதுகுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

பின்னேரம் போன் வந்தது. உங்கள் குரலுக்குப் பின்னால் கைவண்டிச் சத்தம், ஆட்கள் விலகச் சொல்லிக் கத்துகிற சத்தம்.

"நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்ல."

"அசையாதீங்க. பக்கத்துல போர்டைப் பாத்துச் சொல்லுங்க. நான் ஆட்டோவில வாறேன்."

"வராதையும்."

"அக்கா, விளையாடாதீங்க."

"வந்தீர் எண்டா நான் தோத்துப்போனன். பிறகு மகனுக்கு என்னத்தைச் சொல்லுறது?" உங்கள் குரல் நடுங்கியது. பிறகு யாருக்கோ வழி விட்டு விலகுகிற சத்தம். "கேளும்" என்றீர்கள், வேறு குரலில். "இஞ்ச ஒரு தெரு முழுக்கக் கடதாசிக் கடை. அடுத்த தெரு முழுக்கப் பூட்டுக் கடை. ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், பிறகு சேர்ச். வெங்காயம் மணக்குது. துறைமுகத்துக்குப் பக்கத்தில நிக்கிறன் போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பாரிஸ் கார்னர். எங்க ஏரியா மாதிரிதான் இருக்கும். கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் பாக்கவா அக்கா கடல் தாண்டி வந்தீங்க?"

"உம்மட ஊர் இப்பிடித்தானோ இருக்கும்?" என்று கேட்டீர்கள். பயந்த மனுஷி கேட்கிற கேள்வியா அது?

பிறகு நடந்ததை நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். ஒரு பொலிஸ்காரரைப் பிடித்தீர்களாம். மயிலாப்பூருக்கு நடந்து போக வழி கேட்டதும், "நடந்தா? பஸ் ஏறுங்கம்மா" என்றாராம். இல்லை, நடக்கத்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நிற்க, அவர் பெருமூச்சு விட்டு, "கடலை இடது கைப் பக்கம் வச்சுக்கிட்டு நேராப் போங்க" என்றாராம். நீங்கள் நடுவீதியில் நின்று இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறீர்கள்.

விளக்கு வைத்த பிறகு நாங்கள் தங்கியிருந்த ஹொஸ்டல் படியில் உங்கள் வெள்ளைச் சப்பாத்து ஏறி வந்தது. கால் வீங்கி, முகம் மிளகாய்ப்பழம் மாதிரி. வார்டன் அம்மா ஏசினார். நான் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைத்தேன். காலை விட்டபடி, "ஒருத்தரும் வந்து கூட்டிக்கொண்டு வரேல்ல" என்றீர்கள்.

"அப்ப பாஸ்தானே. மகனுக்கு அடிங்க போனை."

"இல்லை."

"இன்னும் என்ன?"

"நான் பிறந்து வளர்ந்த கொழும்பில உம்மட பக்கம் ஒரு நாளும் நடந்ததில்லை. இஞ்ச வந்துதான் அதின்ர சாயலைப் பாக்கிறன். அதைப் பாக்காமல் டொரோண்டோவுக்குப் போனா, ஆராவது உங்கட ஊர் எப்பிடி எண்டு கேட்டா என்ன சொல்லுறது? என்ர ப்ளாட்டில லிப்ட் இருக்கு எண்டே?"

நான் விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பின கொஞ்ச நாளில், ஒரு பௌர்ணமிப் போயா லீவு மத்தியானம் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். வெள்ளவத்தையிலிருந்து காலையில் இறங்கி, கடலை இடது கையில் வைத்துக்கொண்டு, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, பிறகு கடலை விட்டுவிட்டுப் புறக்கோட்டைக்குள் புகுந்து, ஜம்பட்டா வீதியால் வந்திருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்து வரிசை வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "யாராவது துரத்திட்டு வாறாங்களா?" என்று முன்வீட்டு அக்கா கேட்டார்.

வழியில் கண்டதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னீர்கள். கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்திய பொட்டுக்கார அம்மாக்கள். தேர் செய்கிற பட்டறை ஒன்றின் வாசலில் படுத்திருந்த ஆடு. ஒரு சிங்கள அம்மா உங்களுக்கு நிழலில் கதிரை போட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும், "நிக்கங்" என்று சிங்களத்தில் சொன்னீர்களாம். சும்மா. அப்படி ஒரு பதிலை வாழ்க்கையில் முதல் தரம் சொன்னேன் என்றீர்கள். அவரும் சும்மாதான் கேட்டேன் என்று சிரித்தாராம்.

சோறும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் போட்டேன். பரம்பரை யாழ்ப்பாண நாக்குக்கு உறைப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டீர்கள். கை கழுவியதும் மகனுக்குப் போன் எடுத்தீர்கள். அங்கே நடுச்சாமம். அவர் பதறிப்போய், "அம்மா, என்ன, என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை. நான் வாறன். ஒரு கதை மட்டும் கேள். என்னைக் காரில ஏத்திக் கொண்டு திரியப்படாது."

பாதி நித்திரையில் அவருக்கு என்ன விளங்கியிருக்கும். ஓம் ஓம் என்றார்.

போனீர்கள். நடந்தீர்கள். அங்கே கடல் இல்லை, தெற்கே கடல் மாதிரி ஒரு ஏரி இருக்கிறது என்று முதல் கிழமையே கண்டுபிடித்துச் சொன்னீர்கள். நடந்துகொண்டே வாட்ஸ்அப்பில் போன் எடுப்பீர்கள். நான் இங்கே பொத்தான் தைத்துக்கொண்டு கேட்பேன். அணிலுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற கிழவர். பனி காலத்தில் கடைத்தொகுதிக்குள்ளேயே வட்டம் சுற்றி நடக்கிற சனம். "இஞ்ச எல்லாரும் சிரிக்கினம், ஆனா ஒருத்தரும் நிக்கினமில்லை" என்று ஒரு நாள் குறைப்பட்டீர்கள். அடுத்த மாதமே இரண்டு பேரை நிற்கப் பழக்கிவிட்டீர்கள். போன பனிக்காலம் ஒரு விடியலில், நித்திரையிலேயே போய்விட்டீர்கள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லையாம்.

போன மாதம் மகன் வந்தார், ப்ளாட் விஷயமாக. என் கடைக்கும் வந்தார். உங்கள் நெற்றி அப்படியே இருக்கிறது அவருக்கு. தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்ரி, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அம்மா எங்கட வீட்டில சந்தோஷமா இருக்கேல்லையா?"

"ஏன் தம்பி அப்படிக் கேக்குறீங்க?"

"ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப் போயிடுவா. குளிருக்கும் போவா. வீட்டில இருக்கப் பிடிக்காமத்தான் போறா எண்டு நான் நினைச்சன். கேக்கவும் பயம். சவ வீட்டுக்கு எனக்குத் தெரியாத ஆக்கள் வந்தவை. பேக்கரியில நிக்கிற பொம்பிளை, ஒரு கிழவர். அவையளுக்கு அம்மாவைத் தெரியும். அவையளோட சிரிச்சிருக்கிறா."

ஒரு வருத்தத்தை இவ்வளவு நாளாக அந்தப் பிள்ளை சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது, அக்கா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொதி என்று நீங்கள் சொன்னது, சோதனை, பாரிஸ் கார்னர், நடுச்சாமத்தில் அவரை எழுப்பிய போன் எங்கிருந்து வந்தது என்பது. "தம்பி, உங்க வீட்டை விட்டுப் போக அம்மா நடக்கல. நடக்க முடியும்னு தெரிஞ்ச பிறகுதான் உங்க வீட்டுக்கே வந்தாங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இங்கிருந்து ப்ளாட்டுக்கு எப்படி நடந்து போவது என்று கேட்டார். வாசலுக்கு வந்து காட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் கடைசியாகப் போன் எடுத்த நாள். எனக்குக் கடை பூட்டுகிற நேரம், உங்களுக்குக் காலை. புதுத் தெரு ஒன்றில் நடக்கிறேன் என்றீர்கள். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் அந்தக் குஷி இருந்தது. என் மகளின் கல்யாணச் சம்பந்தம் பற்றி நான் ஏதோ நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் வெட்டினீர்கள்.

"இரும், இரும். அந்த முடக்கில என்னமோ தெரியுது. பாத்திட்டுச் சொல்லுறன்."

போன் நின்றுவிட்டது. கடை பூட்டுகிற அவசரத்தில் நானும் திருப்பி எடுக்கவில்லை, நீங்களே எடுப்பீர்கள் என்று.

மகனைக் கேட்டால் அந்தத் தெருவைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துச் சொல்லுவார். கேட்கவில்லை. பஸ்ஸில் தொங்கும்போதும், துணியில் கொடியை வளைக்கும்போதும் மனதால் நானே அந்தத் தெரு முடக்கில் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் அங்கே குதிரை நிற்கிறது. ஒரு நாள் யாரோ மாடியிலிருந்து பியானோவைக் கயிற்றில் இறக்குகிறார்கள். நேற்றைக்கு ஒரு சுண்டல்காரி.